ஹைடுக்குப் பின்பாட்டு இல்லை

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் அண்ணன் வீட்டில் மாட்டிக்கொண்டோம். விடாத மழை, எதிரே வருகிற வண்டி தெரியாத அளவுக்கு மூடுபனி. 20 கொண்டை ஊசி வளைவையும் அந்த இருட்டில் இறங்கிச் சேலம் வந்து சேர யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அண்ணன் மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அத்தை, இதப் பாருங்க. சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிடும்."

அவள் போட்டது 'ஜெகில் அண்ட் ஹைடு' என்ற பிராட்வே (நியூயார்க்கின் நாடக அரங்கு வட்டாரம்) இசை நாடகத்தின் வீடியோப் பதிவு. ஸ்டீவன்சன் 1886-இல் எழுதிய கதையிலிருந்து வந்தது. ஜெகில் என்ற நல்ல டாக்டர், தானே தயாரித்த மருந்தைக் குடித்து ஹைடு என்ற கொடியவனாக மாறும் கதை. நியூயார்க்கின் பிளிமத் தியேட்டரில் 1997 ஏப்ரலில் தொடங்கி 2001 ஜனவரி வரை 1,543 காட்சிகள் ஓடியது. கடைசி மாதங்களில் நாயகன் வேஷம் டேவிட் ஹாசல்ஹாஃபுக்கு. 'நைட் ரைடர்', 'பேவாட்ச்' தொடர்களில் வந்தாரே, அவர்தான். அவர் நடித்த காட்சியைத்தான் பார்வையாளர்கள் முன்னிலையில் படமாக்கி டிவிடியாக வெளியிட்டார்கள். அதனால் மற்ற நாயகர்கள் எல்லாம் நேரில் பார்த்தவர்கள் நினைவோடு போய்விட்டார்கள். சிரிப்பதற்கு இவர் மட்டும் அகப்பட்டார்.

"டிவிக்காரருக்குப் பாட்டு வருமா?" என்பது அண்ணன் மகளின் தீர்ப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழில் புத்தி. நான் பார்ப்பது குரல், பேச்சுப் பயிற்சி. ஐந்து ரோட்டுப் பக்கம் என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளி ஆசிரியர்கள். மீதி, மாம்பழ மண்டியில் ஏலம் கூறுகிறவர்கள், கண்டக்டர்கள், கோயிலிலும் சர்ச்சிலும் பாடுகிறவர்கள், அப்புறம் கூத்துக்காரர்கள். யார் வாயைத் திறந்தாலும் என் கண் முதலில் அவர் தோளுக்கும் கழுத்துக்கும்தான் போகும். முகத்துக்குப் பிறகுதான் வருவேன்.

முதலில் ஒரு நியாயம். ஹாசல்ஹாஃப் பாடவே தெரியாதவர் இல்லை. ஜெர்மனியில் அவர் பாட்டு முதலிடத்தில் இருந்திருக்கிறது. 1989 டிசம்பர் 31 இரவு பெர்லின் சுவருக்குமேல் தூக்கிய கிரேன் தொட்டியில் நின்று பாடினார். ஆனால் அது மைக்கை உதட்டருகே வைத்துப் பாடும் பாட்டு. ஒரு பாட்டு முடிந்தால் கை தட்டுவார்கள், தண்ணீர் குடிக்கலாம். நாடகத்தில் இரண்டரை மணி நேரம், ஓடியும் விழுந்தும் அழுதும் பாட வேண்டும். பிராட்வேயில் வாரத்துக்கு 8 காட்சி என்பது வழக்கம். கார் ஓட்டத் தெரிந்தவரை லாரியில் ஏற்றிவிட்டு, ஏற்காடு மலையைத் தினம் ஏறி இறங்கு என்றால் எப்படி? தெரியாது என்று சொல்ல முடியாது. பழக்கம் வேறு.

அவர் எங்கே தடுமாறுகிறார்? மெதுவாக, ஜெகிலாகவே பாடும் இடங்களில் என் காதுக்குப் பெரிய குறை படவில்லை. சிக்கல் 'மோதல்' காட்சியில். ஒரே ஆள் ஜெகிலாக ஒரு வரி, ஹைடாக ஒரு வரி மாற்றி மாற்றிப் பாட வேண்டும். முடியை இந்தப் பக்கம் தள்ளினால் ஜெகில், அந்தப் பக்கம் விழுந்தால் ஹைடு. ஹைடுக்கு அவர் தொண்டையை இறுக்கி உறுமுகிறார்.

இந்த உறுமலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். நம் குரல்வளையில் இரண்டு குரல் நாண்கள் உண்டு. சாதாரணமாகப் பேசும்போது ஆண்களுக்கு நொடிக்கு நூற்றுச் சொச்சம் முறை, பெண்களுக்குச் சுமார் 200 முறை அவை ஒன்றோடொன்று தட்டும். அவற்றுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. சாதாரணப் பாட்டில் அதற்கு வேலை இல்லை. தொண்டையை நெரித்தால் அது உள்ளே நெருங்கி வந்து சேர்ந்து அதிரும். கரகரவென்று மிருகக் குரல் வரும். கேட்க மிரட்டலாக இருக்கும். அடுத்த வரியே சுத்தமான குரலில் பாட வேண்டும் என்றால், நெரித்ததை அரை நொடியில் தளர்த்தியாக வேண்டும். பயிற்சி உள்ளவர்கள் உறுமலைக் கொஞ்சமாகத் தொட்டுவிட்டு, மிச்சத்தை உச்சரிப்பிலும் உடம்பிலும் காட்டிவிடுவார்கள். இவர் மொத்தத்தையும் தொண்டையில் ஏற்றுகிறார். அதன் விலையைப் பிறகு வரும் ஜெகில் வரி கொடுக்கிறது.

இதில் கேமராவின் பங்கும் உண்டு. ஆயிரத்துச் சொச்சம் இருக்கை உள்ள அரங்கில் மாடியின் கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டிய முகச்சுளிப்பை ஒன்றரை அடியில் வைத்துப் படம் பிடித்தால் யாருமே கோமாளிதான். குரலும் அப்படியே. நெற்றியோரம், முடிக்குள் ஒளித்த மைக்கின் சத்தம் அரங்கில் ஸ்பீக்கர் வழியாகச் சுவரிலும் கூரையிலும் பட்டுக் கலந்து வரும். பதிவில் இழுத்த மூச்சு, கரகரப்பு எல்லாம் காதோரம் வந்து நிற்கும். மேடை நடிப்பை வீடியோவில் எடைபோடும்போது பாதித் தராசு கேமராவின் கையில் இருக்கிறது.

நமக்கு இந்த எடைபோடும் பழக்கமே விட்டுப்போய்விட்டது என்றுகூடச் சொல்வேன். நாடக நடிகர் கிட்டப்பா காலத்தில் மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடியவர்தான் ராஜபார்ட், அதாவது நாயகன். ஆரம்பப் பேசும்படங்களிலும் நடிகரே பாடினார். பின்னணிப் பாட்டு வந்தபின் முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் பழைய வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். இன்று ஒரு நடிகர் தானே பாடி நடித்தால், என்ன கேட்க வேண்டும் என்றே நமக்குத் தெரிவதில்லை. முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்.

கூத்துக்காரர்களுக்கு இது தெரியும். ஓமலூர்ப் பக்கத்துக் கிராமத்துக் கூத்து வாத்தியார் ஒருவர், முப்பது வருஷமாக இரணியன் வேஷம் கட்டுகிறவர், அந்த மாதமே என்னிடம் வந்தார். இரண்டு மாதமாகக் குரல் கம்மிப்போயிருந்தது. ஈ.என்.டி. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் காய்ப்பு என்று எழுதி அனுப்பியிருந்தார். மண்வெட்டி பிடித்த கையில் விழுமே, அதே மாதிரிக் காய்ப்புத்தான். பேச்சோடு பேச்சாக அந்த மோதல் காட்சியை அவருக்குப் போனில் காட்டினேன். இரண்டு முறை போடச் சொன்னார்.

"ஏங்க மேடம், இவருக்குப் பின்பாட்டு ஆருங்க?"

"யாரும் இல்லைங்க வாத்தியாரே."

"ரெண்டு பேருக்கும் ஒரே ஆளு பாடுனா, ஒருத்தன் பாடுறப்ப இன்னொருத்தன் மூச்சு வாங்க முடியாதுங்களே. பாவம், கழுத்துல பாடுறாரு. வயித்துக்கு எறங்கவே நேரமில்ல."

இத்தனை விமரிசனம் படித்தேன், இதை யாரும் சொல்லவில்லை. கூத்தில் இரணியன் விடிய விடிய ஆடுவான். ஆனால் அவன் ஒரு வரி பாடினால் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுவார்கள், முகவீணை இழுக்கும், அவன் ஒரு சுற்று ஆடிவிட்டு வருவான். பார்க்கிறவர்களுக்கு அது அலங்காரம், தொண்டைக்கு அது ஓய்வு.

"அப்ப உங்களுக்கு எப்படிங்க காய்ப்பு வந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பின்பாட்டு ஆட்கள் குறைந்துவிட்டார்கள், ஒருவர்தான் வருகிறார், மைக் செட் வேறு இரைகிறது, அதற்கு மேலே கத்துகிறேன் என்றார். கூடவே, ராத்திரி முழுக்கப் பனங்கற்கண்டும் மிளகும் வாயில்.

இங்கே ஒரு விஷயம். விழுங்குகிற எதுவும் குரல் நாணைத் தொடாது. அது உணவுக்குழாய் வழியில் போகிறது. நாண் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். அதிமதுரம், கற்கண்டு எல்லாம் தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். ஆவி பிடித்தால் ஈரம் நாண் வரை போகும். நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தால் உடம்பு வழியாக நாணுக்கும் போய்ச் சேரும். அடிக்கடி கனைப்பதை விடுங்கள், ஒவ்வொரு கனைப்பும் நாணுக்கு ஓர் அறை. குரல் கம்மினால் கிசுகிசுவென்று பேசுவது பலருக்கு இன்னும் இறுக்கத்தைக் கூட்டும். பேசாமல் இருப்பது மேல். சளி, காய்ச்சலால் வந்த கரகரப்பு ஓரிரு வாரத்தில் போய்விடும். மூன்று வாரம் தாண்டியும் இருந்தால், முக்கியமாகப் புகைபிடிப்பவராக இருந்தால், கஷாயத்தை வைத்துவிட்டு ஈ.என்.டி. டாக்டரிடம் போய் நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ப்பும் கரகரக்கும், புற்றும் கரகரக்கும். வெளியிலிருந்து கேட்டு என்னாலும் பிரிக்க முடியாது.

வாத்தியார் மார்கழி வரை வேஷம் கட்டவில்லை. பயிற்சிக்குத் தவறாமல் வந்தார். தை பிறந்ததும் வந்தபோது குரல் முக்கால்வாசி திரும்பியிருந்தது. கூடவே ஒரு பையன், பத்தொன்பது வயசிருக்கும். இப்போது இரணியன் அவன்தானாம். மைக்கை வாயில் கடித்துக்கொண்டு உறுமுகிறானாம், ஊரில் நல்ல விசில்.

"அந்த வெள்ளைக்காரரு வீடியோவ இவனுக்குப் போடுங்க மேடம்" என்றார். "டேய், மூஞ்சியப் பாக்காத. தோளப் பாரு. எங்கெங்க மூச்சு வாங்குறாருன்னு எண்ணு."

பையன் விரல் விட்டு எண்ணினான். ஹைடு உறுமத் தொடங்கியதும் விரல் நின்றுவிட்டது.

"தோளு மேலயே இருக்குதுங்க, எறங்கவே மாட்டேங்குது" என்றான்.

"உன்னோடது?"

பையன் குனிந்து தன் தோளைப் பார்த்துக்கொண்டான்.