வாளின் பளபளப்பில் விலை இல்லை: ஜப்பானிய ராணுவ வாள்களின் முத்திரைகள்

"தாத்தா போரிலிருந்து கொண்டுவந்த சாமுராய் வாள், என்ன விலை போகும்?" என்று கேட்பவர்கள் அலகையும் உறையையும்தான் படமெடுத்து அனுப்புகிறார்கள். எனக்கு வேண்டியது கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதி. ஜப்பானியர் அதை நகாகோ என்பார்கள்.

அங்கே இரண்டு வகைக் குறிகள் இருக்கலாம். உளியால் வெட்டிய எழுத்து கொல்லனின் பெயர். சுத்தியலால் அடித்த சின்ன முத்திரை, யாரோ சோதித்து ஏற்றுக்கொண்டதன் அடையாளம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். கொல்லன் பெயர் இருந்தாலே மரபுமுறை வாள் என்றும் நினைத்துவிடக் கூடாது. கிஃபு மாகாணத்தின் செக்கி ஊரில் போர்க்காலத்தில் மொத்தமாகச் செய்த வாள்களிலும் பெயர் உண்டு. அதை வெட்டியவர் பல நேரம் கூலிக்குப் பெயர் பொறிப்பவர்.

ஷோவா (1926-இல் தொடங்கிய ஜப்பானியப் பேரரசரின் ஆட்சிக்காலம்) என்ற சகாப்தப் பெயரின் முதல் எழுத்தோ, செக்கி ஊர்ப் பெயரின் எழுத்தோ முத்திரையாக இருந்தால், அது பெரும்பாலும் ஆலை எஃகில் அடித்து எண்ணெயில் தோய்த்த ஷோவாத்தோ, அதாவது மரபுமுறையில் செய்யாத ஷோவா கால வாள். ஐந்து முனை நட்சத்திரம் என்றால் கதையே வேறு. ராணுவம் அங்கீகரித்த கொல்லர், தமாஹகானே என்ற மரபு எஃகில் செய்தது. சேகரிப்பாளர்கள் தேடுவது இதைத்தான். நங்கூரம் கடற்படையைக் குறிக்கும். அவற்றில் பல துருப்பிடிக்காத எஃகு. எழுத்துகளோடு ஷோவா ஆண்டும் வெட்டியிருந்தால் 1925-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: ஷோவா 18 என்பது 1943.

1935-இல் வந்த வகை 95, அதிகாரிகளுக்குக் கீழ்நிலையில் இருந்தவர்களுக்கான வாள். அதன் வரிசை எண் அலகிலேயே இருக்கும். ஆய்வு முத்திரைகள் கைப்பிடியின் உலோகத்தில் இருக்கும். அலகின் எண்ணும் உறையின் எண்ணும் ஒன்றாக இருந்தால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் உடனே போலி என்று சொல்லிவிட முடியாது, உறை மாறிப்போயிருக்கலாம். ஆனால் எண்கள் கோணலாக, ஆழமில்லாமல் கீறியதுபோல இருந்தால் சந்தேகப்படுங்கள். சந்தையில் இந்த வகைக்குத்தான் நகல்கள் நிறைய.

நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: நகாகோவின் கரும்பழுப்புத் துருவைத் தேய்க்காதீர்கள். உப்புத்தாள், எலுமிச்சை, பிரஷ் எதுவும் வேண்டாம். வயதுக்குச் சாட்சி அந்தத் துருதான். தேய்த்தால் மங்கலான முத்திரையும் சேர்ந்து போய்விடும், விலையும் விழும். அலகை விரலால் தொட்டாலும் வியர்வையின் உப்பு கறையாகிவிடும்.

அதிகாரிகளின் வாளில் கைப்பிடியைப் பிடித்திருப்பது பொதுவாக ஒரு மூங்கில் ஆணி. அதை மெல்லத் தட்டி எடுத்தால் போதும். வராவிட்டால் விட்டுவிடுங்கள், பலவந்தம் வேண்டாம். வகை 95-இல் ஆணிக்குப் பதில் திருகு இருக்கும்.

அப்புறம், ஜப்பானுக்கே கொண்டுபோய் விற்கலாம் என்ற யோசனை. அங்கே பதிவு பெறுவது கலைமதிப்புள்ள மரபுமுறை வாள்களுக்கு மட்டுமே. ஷோவாத்தோ பதிவாகாது, பறிமுதல் ஆகலாம்.

படம் அனுப்புவதானால் நகாகோவின் இரண்டு பக்கமும் வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், நேர் வெளிச்சத்தில் முத்திரை தெரியாது.