தளர்வன்று, நெகிழ்வு

பள்ளியொன்றில் பெற்றோருக்கு வழங்கப்பட்ட தமிழ்க் குறிப்பில், ஆசிரியர்கள் தம் மாணவருக்கேற்பப் பாடங்களை வகுத்துக்கொள்ளும் முறைக்கு, ‘ஃபிளெக்சிபிள் கரிக்குலம்’ என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழாக்கித் ‘தளர்வான பாடத்திட்டம்’ என்று பெயரிட்டிருந்தார்கள். இத்தொடரை நான் காண்பது முதன்முறையன்று. அருகிலிருந்த தாயொருவர், “அப்படியானால் இனிமேல் பாடம் குறைவா, சார்?” என்று கேட்டார். அவர்மீது பிழையில்லை, அச்சொல் அதைத்தான் சொல்கிறது.

கரிக்குலம் என்பது ஓட்டத்தையும் ஓடுகளத்தையும் குறித்த இலத்தீன் சொல். ஃபிளெக்சிபிள் என்பதன் வேர் வளைத்தல். முன்னதற்குப் பாடத்திட்டம் போதும். இலங்கையில் வழங்கும் கலைத்திட்டமும் நல்ல சொல்லே. ‘பாடம்’ வடசொல் என்று விலக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. சிக்கல் அடைமொழியில் இருக்கிறது.

தளர்தல் என்றால் வலிமை குன்றுதல், பிடி விடுதல். முதுமையில் உடல் தளர்கிறது. முடிச்சு தளர்ந்தால் கட்டு அவிழ்கிறது. கொவிட்-19 காலத்தில் கட்டுப்பாடுகள் ‘தளர்த்தப்பட்டன’ என்று நாள்தோறும் கேட்டுப் பழகிய காது, அதே சொல்லை வகுப்பறைக்கும் கொண்டுவந்துவிட்டது போலும். நெகிழ்தலோ இளகி, வேண்டிய வடிவத்தை ஏற்றல். பிளாஸ்டிக்குக்கு நெகிழி என்ற பெயர் பொருந்தியதும் இதனால்தான். திருக்குறள் 1236இல் தலைவியின் தோள் நெகிழ்வது மெலிவைத்தானே குறிக்கிறது என்று சிலர் மறுக்கக்கூடும். உண்மைதான், ஆயினும் இன்று நெகிழ்வு என்றதும் எவருக்கும் மெலிவு தோன்றுவதில்லை. நெகிழ்ச்சி மட்டும் மனவுருக்கத்துக்குப் போய்விட்டதால் அதை இங்கு ஆளக்கூடாது.

2004ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் சிங்கப்பூரின் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், மாணவர் நிறையக் கற்க நாம் குறைவாகக் கற்பிக்கவேண்டும் என்றார். அதையொட்டிக் கல்வி அமைச்சு பாடப்பொருளைக் குறைத்துப் பாடநேரத்தில் 10 முதல் 20 விழுக்காட்டை விடுவிக்க முனைந்தது. அது ஓய்வுக்கான நேரமன்று, ஆசிரியர் தாமே திட்டமிடுவதற்கான நேரம். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள் மிகுந்த மூன்றாம் வகுப்பில், வாசிப்புப் பகுதியைத் தள்ளிவைத்துத் தேக்கா ஈரச்சந்தையைப் பற்றிய உரையாடலில் தொடங்கும் ஆசிரியர் எதையும் தளர்த்தவில்லை. எட்டவேண்டிய இலக்கும் தேர்வும் மாறவில்லை, வழிதான் மாறுகிறது. அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அங்கு யார் என்ன செய்கிறார் என்று ஒருமுறையேனும் கேட்டுப் பார்த்திருக்கலாம்.

‘நெகிழ்வுப் பாடத்திட்டம்’ என்றால் போதும். இடமிருந்தால் ‘ஆசிரியர் வகுக்கும் நெகிழ்வுப் பாடத்திட்டம்’ என்று செய்பவரையும் சேர்த்தே எழுதலாம். அந்தக் குறிப்பில் ஆசிரியர் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.