‘217 கிலோமீட்டர் நீளம்’ என்று எப்படிச் சொல்கிறார்கள்? கிளியோபாட்ரா சிறுகோளை முன்வைத்து

சிறுகோள்களின் ஒளி அளவீடுகளோடுதான் என் அன்றாட வேலை. அதனால் சொல்கிறேன்: "இத்தனை கிலோமீட்டர் நீளம், உள்ளே முழுக்க உலோகம், மதிப்பு பல லட்சம் கோடி" என்று ஒரு செய்தி வந்தால், அந்த எண்ணை எப்போது, எப்படி அளந்தார்கள் என்று பாருங்கள். தொலைநோக்கியில் எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு ஒளிப்புள்ளிதான்.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவிலுள்ள சிறுகோள் பட்டையில் சுற்றும் 216 கிளியோபாட்ராவையே (216 என்பது சிறுகோள் வரிசை எண்) எடுத்துக்கொள்வோம். 1880 ஏப்ரல் 10 அன்று, பொலா நகரின் (இன்றைய குரோஷியாவின் பூலா) கடற்படை வான்காணகத்தில் யோஹான் பாலிசா கண்டுபிடித்தது. நட்சத்திர வரைபடத்தில் இல்லாத புள்ளியைக் கண்ணாலேயே தேடிப் பிடிக்க வேண்டிய காலம் அது. அப்படி 122 சிறுகோள்களைப் பிடித்தவர் அவர்.

5 மணி 23 நிமிடத்தில் கிளியோபாட்ரா ஒரு முறை சுழல்கிறது. நீண்ட வடிவம் என்பதால், அதன் அகலமான பக்கமும் குறுகிய முனையும் மாறி மாறி நம்மை நோக்கும்; அதற்குள் வெளிச்சம் இரண்டு தடவை ஏறி இறங்கும். பக்கவாட்டில் பார்க்கும் கோணம் வாய்த்தால் உச்சத்துக்கும் அடிக்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம்! சுழல் அச்சு நம் பக்கம் திரும்பியிருக்கும் பருவத்தில் அளந்தால், அதே ஒளி வளைவு (நேரத்தோடு வெளிச்சம் மாறுவதைக் காட்டும் கோடு) கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். ஒரு பருவத் தரவை மட்டும் நம்பி வடிவம் சொல்ல முடியாது என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

1999-இல் புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து ரேடார் அலைகளை அனுப்பி, ஸ்டீவன் ஆஸ்ட்ரோ குழு எதிரொலியை அலசியது. இரு முனையும் பருத்து நடுவில் சிறுத்த எலும்பு வடிவம் தெரிந்தது. நீளம் 217 கிலோமீட்டர் என்றார்கள். 2021-இல் சிலியின் வெரி லார்ஜ் டெலஸ்கோப் படங்களிலிருந்து ஃபிராங்க் மார்ஷிஸ் குழு கணித்த நீளமோ சுமார் 270.

நிறை விஷயமும் இப்படித்தான். 2008-இல் இதற்கு இரண்டு குட்டி நிலவுகள் தென்பட்டன. அவற்றின் பாதையை வைத்துத்தான் நிறையைக் கணக்கிட முடியும். 2021 ஆய்வில் நிலவுகள் பழைய கணக்கு சொன்ன இடத்தில் இல்லை. பாதையைத் திருத்தியதும் நிறை 35 சதவீதம் குறைந்துவிட்டது.

அப்புறம், அந்த உலோகக் கதை. ரேடார் அலையை இது பளிச்சென்று திருப்பி அனுப்பியதால் மேற்பரப்பில் உலோகம் நிறைய இருக்கலாம். சரி, உள்ளே? அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.4 கிராம்தான், இரும்பின் அடர்த்தியில் பாதிகூட இல்லை. இடைவெளிகள் நிறைந்த இடிபாட்டுக் குவியலாக இருக்கும் என்பதே இப்போதைய கணிப்பு. சுழலும் வேகமும், தாண்டினால் சிதறத் தொடங்கிவிடும் என்ற விளிம்பை நெருங்கி இருக்கிறது: சிறு மோதல்கூடக் கற்களைக் கிளப்பிவிடலாம். இரண்டு நிலவுகளும் அப்படிக் கிளம்பிய பொருளிலிருந்தே உருவாகியிருக்கலாம்.