‘புட் ஆஃப்’: தள்ளுவது எதை?

கூட்டத்தைத் ‘தள்ளிப்போட்டார்கள்’ என்கிறோம். யாரும் கையால் தள்ளவுமில்லை, எங்கும் போடவுமில்லை. ஆனாலும் பொருள் பிசகாமல் விளங்குகிறது. ஆங்கிலத்தின் ‘புட் ஆஃப்’ ஏறக்குறைய இதே அச்சில் வார்த்ததுதான். ‘புட்’ என்றால் போடு, வை. ‘ஆஃப்’ என்றால் அப்பால், விலகி. லத்தீனிலிருந்து வந்த ‘போஸ்ட்போன்’ என்பதைப் பிரித்தாலும் ‘பின்னால் வை’ என்றே வரும். அது கடிதத்துக்குப் பொருந்தும். வாய்ப்பேச்சுக்கு ‘புட் ஆஃப்’.

விலகுவது நாள் என்றால் ஒத்திவைப்பு. மனம் என்றால் வெறுப்பு: ‘த ஸ்மெல் புட் மீ ஆஃப்’, அந்த நாற்றத்தில் ஆசையே விட்டுப்போயிற்று. கவனம் என்றால் தடுமாற்றம்: ‘யூ ஆர் புட்டிங் மீ ஆஃப்’ என்று குறிபார்த்துக்கொண்டிருப்பவர் சிடுசிடுப்பார். ஆளையேகூட ‘புட் ஆஃப்’ செய்யலாம். பணம் கேட்டு வந்தவரை நாளை, மறுநாள் என்று சாக்குச் சொல்லி அனுப்புவது அது. நிகழ்ச்சியை அடியோடு ரத்து செய்தால் மட்டும் ‘கால் ஆஃப்’.

தமிழர் இடறுவது பொருளில் அல்ல, வரிசையில். ‘தள்ளி’, ‘போடு’ இரண்டுக்கும் நடுவே ‘தான்’, ‘உம்’ போன்றவை நுழையும், ‘கூட்டத்தை’ நுழையாது. ஆங்கிலத்தில் நுழையும். ‘புட் ஆஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ இரண்டும் சரி. ஆனால் ‘இட்’, ‘தெம்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் நடுவில்தான் நிற்க வேண்டும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ பிழை. சொல்லும்போது அழுத்தம் ‘ஆஃப்’ மீது விழும். பழைய சேதியான ‘இட்’ அமுங்கிப்போகும், அதைக் கடைசியில் வைத்தால் காதுக்கு உறுத்தும். ‘திங்கட்கிழமை நடக்கவிருந்த கூட்டம்’ என்பதுபோல் செயப்படுபொருள் நீண்டுவிட்டால் நேர்மாறு: முதலில் ‘புட் ஆஃப்’, பிறகு அந்த நீளம். இல்லாவிட்டால் ‘ஆஃப்’ வருவதற்குள் கேட்பவர் ‘புட்’டை மறந்திருப்பார்.

ஒரு விதிவிலக்குபோலத் தோன்றும் இடம் உண்டு. ‘இட் புட் மீ ஆஃப் காஃபி’: காபியே பிடிக்காமல் செய்துவிட்டது. இங்கே ‘காஃபி’யை ‘இட்’ ஆக்கினால் ‘புட் மீ ஆஃப் இட்’ என்றே வரும், அது சரியும்கூட. வெறுப்புக்கு ஆளானவர் நடுவில் இருக்கிறார். ‘ஆஃப்’ இங்கே ‘காபியிலிருந்து’ என்பதன் ‘இருந்து’ வேலையைச் செய்கிறது.

பின்னால் வினை வந்தால் ‘இங்’ வடிவம்: ‘புட் ஆஃப் கோயிங்’. ‘டு கோ’ கூடாது. நாமும் ‘போவதைத் தள்ளிப்போட்டேன்’ என்கிறோமே தவிர ‘போகத் தள்ளிப்போட்டேன்’ என்பதில்லை. எந்த நாள்வரை என்பதற்கு ‘அன்டில்’, எவ்வளவு காலம் என்பதற்கு ‘ஃபார்’. இறந்தகாலமும் ‘புட்’தான்.

‘ஆஃப்-புட்டிங்’ என்று முன்பின்னாகப் புரட்டிய பெயரடையும் புழக்கத்தில் உண்டு. அதற்கு முகம் சுளிக்கவைக்கிற என்று பொருள். தள்ளிப்போன கூட்டத்தை அப்படிச் சொன்னால், கூட்டமே சகிக்கவில்லை என்றாகிவிடும்.