தயங்கத் தெரிந்த மின்சுற்று

“நானே கட்டிய மாடுலர் சிந்தசைசரில் சீக்வென்சர் ஒரு துடிப்புக்கு ஒரு படி நகராமல் இரண்டு மூன்று படி தாவிவிடுகிறது. சதுர அலை கொடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது. மெதுவான முக்கோண அலை கொடுத்தால்தான் இந்தத் தொல்லை. ஏன்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மாடுலர் சிந்தசைசர் என்பது தனித்தனி மின்சுற்றுப் பகுதிகளை (மாட்யூல்) வயரால் இணைத்து ஒலி உண்டாக்கும் இசைக்கருவி. துடிப்பு வரும்போதெல்லாம் அடுத்த சுரத்துக்கு ஒரு படி நகரும் பகுதிதான் சீக்வென்சர். ‘மெதுவான’ என்று அவர் எழுதிய சொல்லில்தான் விடை இருக்கிறது.

துடிப்பை எண்ணும் சீக்வென்சருக்கும், துடிப்புகளைச் சேர்த்துப் பிரிக்கும் லாஜிக் மாட்யூலுக்கும் தெரிந்தவை இரண்டே நிலைகள்: உண்டு, இல்லை. தாளத்தை மூன்றால் வகுத்த துடிப்பையும் நான்கால் வகுத்த துடிப்பையும் இரண்டும் ‘உண்டு’ என்றால் மட்டுமே ‘உண்டு’ சொல்லும் ஓர் ‘அண்டு’ (AND) வாயிலில் சேர்த்தால், பன்னிரண்டு துடிப்புக்கு ஒருமுறை இரண்டும் சந்திக்கும். இது பள்ளிக் கணக்கு. சிக்கல் வாசற்படியில் இருக்கிறது. ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை உண்டு, இல்லை என்று எப்படிப் பிரிப்பது?

1 வோல்ட்டை எல்லையாக வைக்கிறோம் என்று கொள்வோம். முக்கோண அலை 10 நொடியில் 0-விலிருந்து 5 வோல்ட்டுக்கு ஏறுகிறது. அதாவது நொடிக்கு அரை வோல்ட். அதன்மேல் 10 மில்லிவோல்ட் இரைச்சல் படிந்திருந்தால், அந்த அகலத்தைக் கடக்கவே அலைக்கு 20 மில்லிநொடி ஆகும். மைக்ரோநொடிகளில் மாறக்கூடிய சிப்புக்கு அது நெடுங்காலம். அதற்குள் இரைச்சல் எல்லையைப் பலமுறை தாண்டித் திரும்புகிறது. தாண்டும் ஒவ்வொரு முறையும் சீக்வென்சருக்கு ஒரு துடிப்பு.

இதற்கான தீர்வைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி பொங்கும். எல்லையை ஒன்றாக வைக்காமல் இரண்டாக வைப்பது! ஏறும்போது மேல் எல்லையைத் தொட்டால்தான் ‘உண்டு’. பிறகு கீழ் எல்லைக்கு இறங்கினால்தான் ‘இல்லை’. இடைப்பட்ட பகுதியில் சுற்று தன் பழைய முடிவிலேயே நிற்கும். இயற்பியலில் காந்தத் தயக்கம் என்று படித்தோமே, அதே தயக்கம்தான். இதற்கு வேண்டியது ஓர் ஆப்-ஆம்ப் (நேர், எதிர் என்ற இரு உள்ளீட்டு முனைகளின் மின்னழுத்த வேறுபாட்டைப் பெருக்கும் சிப்), இரண்டு மின்தடைகள். எதிர் முனையில் நம் 1 வோல்ட் எல்லை. அலை நேர் முனைக்கு வரும் பாதையில் 10 கிலோ ஓம். வெளியீட்டிலிருந்து அதே நேர் முனைக்குத் திரும்பிவரும் பாதையில் 1 மெகா ஓம். விகிதம் நூற்றில் ஒன்று. வெளியீடு +10-க்கும் −10-க்கும் இடையே 20 வோல்ட் ஆடினால், இரு எல்லைகளுக்கும் இடைவெளி 0.2 வோல்ட். வெளியீடே எல்லையை நகர்த்துகிறது: ‘உண்டு’ என்று முடிவானதும் எல்லை கீழே இறங்கிவிடும். 10 மில்லிவோல்ட் இரைச்சலால் இனி அந்த முடிவைக் கலைக்க முடியாது.

இந்த இரட்டை எல்லைச் சுற்றை முதலில் 1934-இல் உருவாக்கியவர் ஆட்டோ ஷ்மிட். அப்போது அவர் ஆய்வு மாணவர். கணவாய் மீனின் நரம்பில் துடிப்பு எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். நரம்பும் அப்படித்தான்: தூண்டல் எல்லையைத் தாண்டினால் முழுத் துடிப்பு, இல்லையேல் ஒன்றுமில்லை. “கணவாய் நரம்பால் என்ன பயன்?” என்று கேட்டு நிதியை மறுக்கும் குழுக்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அடிப்படை ஆய்வுக்கு நிதி தருபவர்கள் பயனை முன்கூட்டியே எழுதித் தரும்படி கேட்கக் கூடாது.

இதே தயக்கத்திலிருந்து கடிகாரமும், அதாவது சீரான துடிப்பு தரும் சுற்றும், பிறக்கிறது. 40106 சிப்பில் ஆறு ஷ்மிட் தலைகீழாக்கிகள் உள்ளன: இரட்டை எல்லையோடு, ‘உண்டு’ வந்தால் ‘இல்லை’ என்றும் ‘இல்லை’ வந்தால் ‘உண்டு’ என்றும் மாற்றித் தருபவை. ஒன்றின் வெளியீட்டை 100 கிலோ ஓம் வழியாக அதன் உள்ளீட்டுக்கே திருப்பி, அங்கிருந்து தரைக்கு 10 மைக்ரோ ஃபேரட் மின்தேக்கியை இணையுங்கள். மேல் எல்லை வரை நிரம்பும், கீழ் எல்லை வரை வடியும், மீண்டும் நிரம்பும். ஏறத்தாழ நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்.

கேள்வி கேட்டவர் தன் சீக்வென்சரின் கடிகார உள்ளீட்டுக்கு முன் அந்த ஆப்-ஆம்ப் சுற்றை வைக்கட்டும். எதிர் வோல்ட்டைத் தடுக்க ஒரு டையோடும் தேவைப்படும்.