ஃபோகஸ் ஸ்டாக்கிங்: குவிய அடுக்கு

பூவை மிக நெருங்கிப் படமெடுக்கும்போது அதன் ஒரு பகுதிதான் தெளிவாக விழும். தெளியும் இடத்தை நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றை ஒரே தெளிந்த படமாக்குவதுதான் ஃபோகஸ் ஸ்டாக்கிங். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? லத்தீனில் 'ஃபோகஸ்' என்றால் வீட்டு அடுப்பு, கணப்பு. நீள்வட்டம், பரவளையம் போன்ற கூம்பு வளைவுகளில் உள்ள ஒரு சிறப்புப் புள்ளிக்கு 1604இல் கெப்ளர் தன் ஒளியியல் நூலில் இந்தப் பெயரை வைத்தார். பூதக்கண்ணாடியால் வெயிலைப் பிடித்துக் காகிதத்தைக் கருக்கிப் பார்த்தவர்களுக்கு அடுப்பு எப்படி உள்ளே வந்தது என்று புரியும்.

தமிழில் அதற்குக் குவியம் என்று பெயர். குவியத் தொலைவு என்று பள்ளியிலேயே படித்திருப்போம். ஆனால் 'குவி' அடுப்பங்கரைச் சொல் இல்லை. கை குவிக்கிறோம், உதட்டைக் குவிக்கிறோம். பகலில் விரிந்த தாமரை மாலையில் குவிகிறது. இதழ்கள் ஒரு நுனியை நோக்கிச் சேர்வதற்குச் சொன்ன அதே சொல்தான் ஒளிக்கதிர்கள் ஒரு புள்ளியில் சேர்வதற்கும். பூவைப் படமெடுப்பவருக்கு இதைவிட நல்ல சொல் எங்கே கிடைக்கும்?

சரி, ஸ்டாக்கிங்? குவிப்பு, குவியல் என்றெல்லாம் எழுதினால் பொருந்தாது. குவியலில் வரிசை கிடையாது. இங்கே வரிசைதான் எல்லாம். அடுக்கு என்பதே சரி. அடுக்குமல்லி, அடுக்குச் செம்பருத்தி என்று அதுவும் பூவோடு பழகிய சொல்தான்.

தும்பைப் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். முழுச்சட்டகக் (ஃபுல் ஃப்ரேம்) கேமராவில், பூவின் உண்மை அளவே சென்சாரில் விழும்படி நெருங்கி, லென்ஸின் துளையை எஃப்/8 அளவில் வைத்து எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர். கீழுதட்டின் ஓரம் தெளிந்தால் மேலுதட்டின் வெண்மயிர் மங்கிவிடும். அதனால் குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பதினைந்து, இருபது படங்கள் எடுத்து, ஹெலிகான் ஃபோகஸ், ஸெரீன் ஸ்டாக்கர் போன்ற மென்பொருளில் ஒன்றாக்குகிறோம். ஒவ்வொரு படத்தின் தெளிந்த பகுதியும் அடுத்ததோடு சற்றே மேற்படிய வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் மங்கலாக ஒரு பட்டை விழும்.

அப்புறம் மேனுவல் ஃபோகஸ், ஆட்டோ ஃபோகஸ்: குவியத்தை நாமே கையால் வைப்பது, கேமராவே வைப்பது. 'மானுஸ்' லத்தீனில் கை; 'ஆட்டோ' கிரேக்கத்தில் தான். ஆகவே கைக்குவியம், தன்குவியம். தானியங்கிக் குவியம் என்றும் சொல்லலாம். எனக்குத் தன்குவியம் பிடித்திருக்கிறது, சின்னதாக இருக்கிறது.

அடுக்குக்குத் தன்குவியம் ஒத்துவராது. அது ஒளி வேறுபாட்டைத் தேடும். தும்பையின் வெள்ளை இதழில் அது கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். ஒவ்வொரு படத்துக்கும் தானே ஓர் இடத்தைத் தேர்ந்தால் வரிசையும் கெட்டுவிடும். நிக்கான் டி850 (2017) போன்ற கேமராக்களில் இருக்கும் வசதி வேறு: தொடக்கப் புள்ளியை நாம் காட்டினால், மோட்டார் சீரான அடிவைப்பில் லென்ஸை நகர்த்தும், எங்கும் நின்று தேடாது. அதைத் தன்குவியம் என்பது பிழை. குவிய நகர்வு என்போம்.

அந்த வசதி இல்லாவிட்டால் கைக்குவியமே போதும். முக்காலியில் கேமராவை நிறுத்தி, காம்பைக் குச்சியோடு கிளிப்பால் பிடித்து, காற்று அடங்கும் விடியற்காலையில், இதழின் முன்னோரத்துக்கு ஒரு மயிரிழை முன்பிருந்தே லென்ஸின் குவிய வளையத்தைத் திருப்பத் தொடங்குங்கள்.