சட்டம் மாறிய செய்தி நீதிமன்றத்துக்கு எப்போது வந்து சேர்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து என்னிடம் வழக்கோடு வருகிறவர்களில் பெரும்பாலோர், வாழ்நாளில் மாஜிஸ்திரேட்டைத் தவிர வேறு நீதிபதியைப் பார்ப்பதில்லை. மேல்முறையீடு என்றால் லீவு போக வேண்டும், சம்பளம் போகும், வழக்கறிஞருக்கு மறுபடியும் பணம் கட்ட வேண்டும். அதனால் முதல் நாற்காலியில் இருப்பவருக்கு இன்றைய சட்டம் தெரிந்திருப்பது இவர்களுக்கு வாழ்வா சாவா விஷயம்.

உயர் நீதிமன்றத்திலும் இதே கதைதான். மணவிலக்கான தாய் ஒருவர், செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குபவர். மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்த கடிதத்தையும் பேங்க் புத்தகத்தையும் என் மேசையில் வைத்தார். மகளுக்குப் பதினெட்டு முடிந்த மாதத்தோடு தகப்பன் பணம் போடுவதை நிறுத்திவிட்டார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எடுத்து நீட்டியது 2004-இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: மேற்படிப்பைக் காரணம் காட்டிப் பதினெட்டுக்கு மேல் ஜீவனாம்சம் கேட்க முடியாது. அன்றைக்கு அதுதான் சட்டம். ஆனால் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 95-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2017-இல் திருத்தியது. உத்தரவிலேயே குறைந்த காலம் குறிக்கப்படாவிட்டால், மேற்படிப்போ பயிற்சியோ முடியும்வரை ஜீவனாம்சம் உண்டு. 2018 டிசம்பர் 15 முதல் இது நடப்பில் இருக்கிறது. திருத்தத்தைப் பார்க்க வேண்டும் என்று நீதிபதி வழக்கை ஒத்திவைத்தார். கடைசியில் தாய்க்குச் சாதகமாகவே உத்தரவு வந்தது. அதற்குள் முதல் செமஸ்டர் கட்டணத்துக்காக அவர் கழுத்துச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது.

நீதிபதிகளுக்குப் பயிற்சியே இல்லை என்று சொல்ல வரவில்லை. உயர் நீதிமன்றத்திலும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2012 முதல் நீதித்துறை அகாடமி இருக்கிறது. மாஜிஸ்திரேட்டுகளும் செஷன்ஸ் நீதிபதிகளும் பாங்கியில் உள்ள இல்காப் என்ற நீதித்துறை, சட்டப் பயிற்சிக் கழகத்தில் பயில்கிறார்கள். சட்ட அறிவைப் புதுப்பித்துக்கொள்வது நீதிபதியின் கடமை என்று நீதிபதிகளின் நடத்தைக்கான அனைத்துலக நெறிகளான 2002-இன் பெங்களூர் நெறிமுறைகளும் சொல்கின்றன. ஆனால் சின்ன ஊரில் மாஜிஸ்திரேட் பயிற்சிக்குப் போனால் அன்றைய வழக்குகள் தள்ளிப்போகின்றன, வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் அலைச்சல் எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த ஒரு நாள் தாமதத்தை நான் மனமார ஏற்பேன்.

குடும்ப வன்முறை வழக்குகளைப் பாருங்கள். அடி விழுந்தால்தான் வன்முறை என்பதில்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபின் அதன் வரையறை இன்னும் விரிந்திருக்கிறது. பயமுறுத்தும் மிரட்டலும், போனில் வரும் மானக்கேடான பேச்சும் அதில் அடங்கும். சமூகநல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். நீதிமன்றத்தில் அந்த மிரட்டல் எப்படி வருகிறது தெரியுமா? வாட்ஸ்அப்பில், தமிழில், பாதி குரல் பதிவாக. மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்லும்போது சூடு தணிந்துவிடுகிறது. குரல் பதிவை எப்படிக் கேட்பது, எதை ஆதாரமாக எடைபோடுவது என்பதைப் புத்தகம் மட்டும் வைத்துச் சொல்லித்தர முடியாது. பயிற்சி அறையில் மொழிபெயர்ப்பாளரும் சமூகநல அதிகாரியும் உட்கார வேண்டும்.

தண்டனை விஷயமும் மாறிவிட்டது. 2023 ஜூலை முதல் கட்டாய மரண தண்டனை இல்லை. கொலை வழக்கில் மரணமா, 30 முதல் 40 ஆண்டுச் சிறையா என்று நீதிபதியே தீர்மானிக்க வேண்டும். இப்படிப்பட்ட பாடங்களை அரசுத் தரப்பு மட்டும் நடத்தக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பில் வாதாடுகிறவர்களும் பேச வேண்டும். பாடத்திட்டம் நீதிபதிகள் கையிலேயே இருக்கட்டும், இல்லாவிட்டால் தீர்ப்பின் சுதந்திரம் அடிபடும்.

ஜீவனாம்சம் நின்றுபோன தாய்மார்களே, பழைய உத்தரவின் நகல், பிள்ளையின் கல்லூரிக் கடிதம், பேங்க் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள். வசதி இல்லையென்றால் சட்ட உதவி இலாகாவுக்குப் போங்கள். 95-ஆம் பிரிவு என்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள்.